ரசீதும் காணிக்கையும்

லெந்து காலம் என்னும் தபசு நாட்களும், அரசாங்கத்தின் நிதியாண்டு முடியும் மார்ச் மாதமும் பெரும்பாலும் ஒன்றையொன்று தழுவியே வருகின்றன. ஒருபுறம் ஆலயத்தில் ஈகையைப் பற்றிய பிரசங்கம்; மறுபுறம் காரியாலயத்தில் கணக்குப் பகுதியார் கேட்கும் சேமிப்புச் சான்றுகள். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, ‘எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தால் வரி குறையும்?’ என்று விசாரிக்கும் அன்பர்கள் நம் சங்கத்தில் ஆண்டுதோறும் உண்டு. அண்மைக் காலமாக அக்கேள்வி வேறு உருவம் எடுத்திருக்கிறது. ‘இனி ரசீதினால் ஒரு பயனும் இல்லையாமே அண்ணாச்சி! அப்படியானால் இவ்வாண்டு சிறுவர் இல்லத்துக்குப் பணம் அனுப்பத்தான் வேண்டுமா?’ என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் உலோபிகள் அல்லர். பத்தும் இருபதும் ஆண்டுகளாகத் தவறாமல் கொடுத்து வந்தவர்கள். ஆகையினாலேயே இதைச் சிரித்து ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தர்ம ஸ்தாபனங்களுக்குக் கொடுக்கும் நன்கொடையில் ஒரு பகுதியை, வரி விதிக்கத்தக்க வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு. பிரதம மந்திரியின் தேசிய நிவாரண நிதி, முதல் மந்திரிகளின் நிவாரண நிதி, தேசியப் பாதுகாப்பு நிதி முதலியவற்றுக்குக் கொடுத்தால் கொடுத்த தொகை முழுவதும் கழியும். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை, பார்வையற்றோர் பள்ளி, முதியோர் இல்லம் போன்றவற்றை நடத்தும் அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தால் பொதுவாகப் பாதியே கழியும். அதுவும் மற்றக் கழிவுகள் போக நிற்கும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நன்கொடை கணக்கில் சேராது. பத்தில் ஒரு பங்கு என்னும் இவ்வளவு, வேதாகமம் அறிந்தவர் காதில் தசமபாகம் என்றே ஒலிக்கும். சட்டம் வகுத்தவர்கள் மல்கியாவின் ஆகமத்தை வாசித்து இவ்வெல்லையைக் குறித்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒற்றுமை சுவையாக இருக்கிறது, அவ்வளவே.

இவையெல்லாம் பழைய வரி முறையில் இருப்போருக்கு மட்டுமே உரியவை. 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரி முறையே இயல்பான முறையாக்கப்பட்டது. பழைய முறை வேண்டுவோர் தாமே கேட்டுத் தேர்ந்துகொள்ள வேண்டும். புதிய முறையில் விகிதங்கள் குறைவு. ஆனால் 80ஜி கழிவு கிடையாது. 2025-26 நிதியாண்டின் விகிதப்படி, புதிய முறையில் மாதச் சம்பளக்காரர் ஒருவருடைய ஆண்டு வருவாய் 12,75,000 ரூபாய்க்குள் அடங்குமானால் அவர் வரியே கட்ட வேண்டியதில்லை. நம் அங்கத்தினர்களில் அநேகர் இவ்வரம்புக்குள் இருப்பவர்களே. கட்ட வேண்டிய வரியே இல்லாதபோது எதிலிருந்து எதைக் கழிப்பது?

வரம்புக்கு மேற்பட்டவர் நிலையையும் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஆண்டுச் சம்பளம் 15,00,000 ரூபாய் பெறும் மூத்த உத்தியோகஸ்தர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, சேமநிதி முதலிய சேமிப்புக்காக 1,50,000, வீட்டுக் கடன் வட்டிக்காக 2,00,000 ஆகியன போக அவருக்கு 11,00,000 நிற்கும். இதற்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து 1,48,200 ரூபாய். அவர் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை ஒன்றுக்கு 40,000 ரூபாய் கொடுத்தால் பாதியாகிய 20,000 கழிந்து, வரியில் 6,240 ரூபாய் மிச்சமாகும். கட்ட வேண்டியது 1,41,960. அதே மனிதர் புதிய முறைக்கு மாறினால், நிலைக்கழிவு 75,000 போக 14,25,000க்கு வரி 97,500 மட்டுமே. ஆகவே 6,240 ரூபாயை மீட்பதற்காகப் பழைய முறையில் தங்கியிருப்பவர், அதற்காக 44,460 ரூபாயைக் கைநழுவ விடுகிறார். இச்சம்பளத்தில் வீட்டு வாடகை, வீட்டுக் கடன், காப்புறுதி எல்லாம் கூடிக் கழிவுகள் 5,93,750 ரூபாயைத் தாண்டினாலன்றிப் பழைய முறை லாபம் தராது. பெருநகரங்களில் மிகுந்த வாடகை கொடுத்துக் குடியிருக்கும் நம்மவர் சிலருக்கு அது தாண்டலாம். அவர்கள் பழைய முறையிலேயே இருந்து 80ஜி சலுகையைப் பெறுவது நியாயமே. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர்கள் ஆண்டுதோறும் எது நலமென்று பார்த்து, உரிய கெடுவுக்குள் படிவம் செலுத்தும்போது முறையை மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

மாறியவர் நிலையை மீண்டும் சிந்திக்க வேண்டுகிறோம். முன்பு 40,000 ரூபாய் தர்மத்தில் அவருக்குத் திரும்பி வந்தது 6,240. இப்பொழுது அது வருவதில்லை என்பது மெய். ஆனால் முறை மாறியதனால் அவர் கையில் தங்கியதோ அதைப்போல் ஏழு மடங்கு. வரிச்சலுகை போயிற்று, ஆகவே கொடுக்க இயலவில்லை என்று அவர் சொல்வாரானால், கணக்கு அவருக்குச் சாட்சி சொல்லாது. கொடுக்க மனமில்லை என்றால் அது வேறு விஷயம். அதை வருமான வரி இலாகாவின்மேல் போடுவது தகாது.

சலுகை கேட்பதே கிறிஸ்தவனுக்கு இழுக்கு என்று எண்ணுவோரும் உளர். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியலாகாது என்னும் பொருள்பட ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் போதித்திருக்க, கொடுத்ததற்கு ரசீது வாங்கி அரசாங்கத்தாரிடம் காட்டலாமா என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் பாதி சரி. அங்கே கண்டிக்கப்பட்டது மனிதர் மெச்ச வேண்டுமென்று தாரை ஊதிக் கொடுப்பது. மின்விசிறியின் இறக்கை மூன்றிலும் உபயதாரர் பெயரை எழுதிவைக்கும் நம் பழக்கத்துக்கு அது நன்றாகப் பொருந்தும். வரி அதிகாரிக்குக் கொடுக்கும் விவரம் புகழுக்காகச் செய்வதன்று. அவர் அதைப் படித்து நம்மைப் புகழப்போவதும் இல்லை. ஆயக்காரனாகிய மத்தேயுவைச் சீஷனாக அழைத்தவரும், சகேயுவின் வீட்டில் தங்கியவரும் கணக்குப் புத்தகத்தைக் கண்டு முகம் சுளித்ததாக நாம் எங்கும் வாசிக்கவில்லை. சட்டம் விரும்பித் தரும் சலுகையை நேர்மையாகக் கேட்டுப் பெறலாம். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார், வரியில் மிச்சமான தொகையை அடுத்த ஆண்டு நன்கொடையோடு சேர்த்தே அனுப்புகிறார்கள். திரும்பி வந்த பணம் தங்களுடையதன்று என்பது அவர்கள் எண்ணம். நம் அபிப்பிராயமும் அதுவே.

பெயர் சொல்லாமல் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவமனையோ பள்ளியோ நடத்தும் தர்ம அறக்கட்டளை, இன்னார் தந்தது என்று பதிவில்லாத நன்கொடைகளைப் பெற்றால், ஒரு லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கு மேற்பட்ட பகுதிக்கு அந்த அறக்கட்டளையே 30 சதவீதம் வரி கட்ட நேரும். முழுவதும் சமயக் காரியத்துக்கென்றே அமைந்தவற்றுக்கு இவ்விதி இல்லை. ஆகவே ஆலயத்துக் காணிக்கைப் பையில் இரண்டு காசு போடும் விதவையை எவரும் பெயர் கேட்கப்போவதில்லை. மருத்துவமனைக்குக் கொடுக்கும்போதோ பெயரும் பான் எண்ணும் தந்துவிட்டு, கல்வெட்டு மட்டும் வேண்டாம் என்று எழுதிவிடுதல் உத்தமம்.

ஆலயக் காணிக்கையைப் பற்றி நம்மிடையே ஒரு மயக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. ஞாயிறுதோறும் போடும் காணிக்கை, மாதச் சந்தா, ஸ்தோத்திரக் காணிக்கை, ஊர்ச் சபையில் புதிய கோபுரம் கட்டக் கேட்டெழுதும் நிதி இவற்றுக்கு 80ஜி சலுகை சாதாரணமாகக் கிடையாது. அப்பிரிவிலேயே, முழுவதும் அல்லது பெரும்பாலும் சமயத் தன்மையுள்ள நோக்கம் தர்ம நோக்கம் ஆகாது என்று விளக்கம் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மதத்தினருக்கோ ஜாதியினருக்கோ மட்டும் நன்மை செய்யும் ஸ்தாபனமும் இச்சலுகையில் சேராது. கோயில், பள்ளிவாசல், குருத்துவாரம் எல்லாவற்றுக்கும் இதே நியதிதான். நம் சங்கத்து இந்து, இஸ்லாமிய அன்பர்களும் இதைக் கருத்தில் கொள்ளலாம். சரித்திரச் சிறப்போ மாகாணமெங்கும் புகழோ உடையதென்று மத்திய அரசாங்கம் அறிவித்த வழிபாட்டுத் தலங்களைப் பழுதுபார்க்கக் கொடுப்பது மட்டும் விலக்கு.

‘எங்கள் சபைக்கு வருமான வரிப் பதிவு உண்டே’ என்று பொருளாளர் சொல்வார். அவர் சொல்வது பொய்யன்று. 12ஏபி என்னும் பதிவு பெற்றிருந்தால் அந்த ஸ்தாபனத்தின் வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் அதனால் கொடுத்தவருக்கு ஒன்றும் கழியாது. கொடுத்தவருக்குக் கழிய வேண்டுமாயின் 80ஜி அங்கீகாரம் தனியே வேண்டும். ஒரே குருசேகரத்தைச் சேர்ந்த ஆலயத்துக்கு அது இல்லாமலும், அதே மதில் சுவருக்குள் இருக்கும் மருத்துவமனைச் சங்கத்துக்கு அது இருந்தும் வரலாம். எனவே ஸ்தாபனத்தின் நற்பெயரை மட்டும் நம்பாமல், எந்தப் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதோ அந்தப் பெயருக்கு அங்கீகாரம் உண்டா, அதன் காலம் முடிந்துவிட்டதா என்று கேட்டறிய வேண்டும். அங்கீகாரத்துக்குக் கால வரையறை உண்டு. புதுப்பிக்க மறந்த நிறுவனங்களும் உண்டு.

பொருளாகக் கொடுப்பதற்கும் சலுகை இல்லை. அறுப்பின் பண்டிகையில் நம்மவர் கொண்டுவந்து படைக்கும் வாழைத்தாரும் சேவலும் தேங்காயும், வெள்ளத்தில் தவித்தோருக்கு அனுப்பும் போர்வையும் அரிசியும் வரிக் கணக்கில் ஏறமாட்டா. பண்டிகை ஏலத்தில் ஒரே ஒரு பூசணிக்காயை 1,500 ரூபாய்க்கு எடுப்பவர், சட்டத்தின் கண்ணுக்குக் காய்கறி வாங்கியவரே! பணமாகக் கொடுத்தாலும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தால் அது கழிவுக்கு ஏற்கப்படுவதில்லை. காசோலை, வங்கி மாற்று, யூ.பி.ஐ. ஆகிய வழிகளில் கொடுத்தால் தடையில்லை.

இனி, எழுதவே கூச்சமான ஒரு விஷயம். காரியாலயங்களில், குறிப்பாக ஜூலை மாதத்தில், கணக்கெழுதிக் கொடுப்பதாகச் சொல்லிச் சிலர் வருவதுண்டு. 5,000 ரூபாய் கொடுத்தால் 50,000 ரூபாய்க்கு ரசீது தருகிறோம் என்பார்கள்; அல்லது ரசீதே இல்லாமல் படிவத்தில் ஒரு தொகையை எழுதி, வரி திரும்பி வந்ததும் அதில் பங்கு கேட்பார்கள். இப்படிப்பட்ட பொய்க் கழிவுகளைத் தேடி, 2025 ஜூலை 14 அன்று வருமான வரி இலாகா நாடெங்கும் 150 இடங்களில் சோதனை தொடங்கியது. அதற்கு முந்திய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் தாங்களாகவே படிவத்தைப் புதுப்பித்து 1,045 கோடி ரூபாய் அளவான தவறான கழிவுகளை விட்டுக்கொடுத்தார்கள் என்று அரசாங்கமே அறிவித்தது. தெரிந்தே பொய் எழுதினால் தவறிய வரியைப்போல் இரு மடங்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

அபராதத்துக்கு அஞ்சி மட்டும் விலகச் சொல்வதானால் இக்கட்டுரைக்கு அவசியமில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் அனனியா, சப்பீராள் என்போர் கதையைப் பலர் தவறாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். நிலத்தை விற்ற பணம் முழுவதையும் கொடாததுதான் அவர்கள் குற்றம் என்று நினைக்கிறார்கள். பேதுரு சொன்னது அதுவன்று. நிலமும் அவர்களுடையது, விற்ற கிரயமும் அவர்கள் வசத்திலேயே இருந்தது. கொடுக்கும்படி எவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு முழுவதையும் கொடுத்ததாகக் காட்டினார்களே, அதுவே குற்றம். ஐயாயிரம் கொடுத்து ஐம்பதினாயிரத்துக்குச் சீட்டு வாங்குவதை இதைவிடப் பொருத்தமாக வேறெந்த அதிகாரம் வருணிக்கும்?

வெளியூர்களில் பிழைக்கும் நமக்கு உரித்தான வேறொரு சோதனையும் உண்டு. ஊரிலிருக்கும் தாய் தகப்பனுக்கு மாதந்தோறும் அனுப்பும் பணத்துக்கு வரிச்சலுகை இல்லை. தங்கை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் இல்லை. பக்கத்து வீட்டு நோயாளிக்குக் கொடுத்த உதவிக்கும் இல்லை. தனி மனிதருக்குக் கொடுப்பது எதுவும் 80ஜியில் அடங்காது. சலுகை உள்ள இடத்துக்கே கொடுப்போம் என்று கணக்குப் போட்டால், தகப்பனாரின் கண் சிகிச்சைக்கு வைத்த பணம் ரசீது தரும் நிறுவனத்துக்குப் போய்விடும். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைத் தேவனுக்கென்று நேர்ந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கொண்ட கொர்பான் வழக்கத்தை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது மாற்கு சுவிசேஷத்தின் 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சலுகையைப் பார்த்துக் கொடை செல்லும் திசையைத் தீர்மானிப்பது கொர்பானுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆகவே முதலில் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகே அவற்றுள் எதற்கு ரசீது கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். இவ்வரிசை தலைகீழாக மாறிய வீடுகளை நாம் கண்டிருக்கிறோம்.

சலுகையே இல்லாத காலத்தில் நம்மவர் எவ்வாறு கொடுத்தார்கள் என்பதற்குத் தூரம் போக வேண்டுவதில்லை. 80ஜி பிரிவு நடைமுறைக்கு வந்தது 1968 ஏப்ரலில். அதற்கு 65 ஆண்டுகளுக்கு முன்பே, 1903ஆம் ஆண்டில், பாளையங்கோட்டையில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனெரிச் சங்கத்தை நிறுவினார்கள். இந்தியர் பணத்தைக்கொண்டு, இந்திய ஊழியர்களாலேயே, இந்தியர் நிர்வாகத்தில் நடைபெற வேண்டும் என்பது அதன் கொள்கை. அதன் ஊழியர்கள் சென்ற இடம் தெலுங்கு நாட்டிலுள்ள டோர்ணக்கல். ரயில்வே அன்பர்களுக்கு அது வண்டி மாறும் சந்திப்பாகவே தெரிந்திருக்கும்! அச்சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவராகிய வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912இல் டோர்ணக்கல்லின் அத்தியட்சராகி, ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் ஆனார். கூலி வேலை செய்து பிழைக்கும் கிராமச் சபையாரும் தங்களால் இயன்றதைக் கொடுக்கப் பழக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கிறிஸ்தவ ஈகையைப் பற்றித் தனியே ஒரு நூலும் எழுதினார்.

அக்காலத்துத் திருநெல்வேலிச் சபைகளில் பனைத்தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். அவர்களுள் வருமான வரி கட்டியவர் எவர்? உலை வைக்கும் வேளையில் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, நிறைந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்த தாய்மார்களின் வழியில் வந்தவர்கள் நாம். பிடியரிசி எடுத்த நாட்களில் அவ்வீட்டார் ஒரு பிடி குறைவாகவே உண்டார்கள். இன்று மும்பையிலும் தில்லியிலும் கரக்பூரிலும் குக்கரில் சமைக்கும் வீடுகளில் பானையை வைக்கச் சொல்வது பொருந்தாது. சம்பளம் வரும் நாளிலேயே ஒரு தொகை தனி வங்கிக் கணக்குக்குப் போகுமாறு ஏற்பாடு செய்துவிட்டால் அதுவே பானை. மார்ச் மாதக் கடைசியில், வரிக்கு அஞ்சி அவசரமாக எழுதும் பெரிய காசோலையைவிட, மாதந்தோறும் தவறாமல் வரும் சிறு தொகையையே சிறுவர் இல்லங்களை நடத்துவோர் விரும்புகிறார்கள். பிள்ளைகள் பன்னிரண்டு மாதமும் சாப்பிடுகிறார்கள் அல்லவா!

பழைய முறையிலேயே தங்கும் அன்பர்களுக்கு நடைமுறை பற்றி இரண்டொரு வார்த்தை. நிறுவனம் கையால் எழுதித் தரும் ரசீது இப்பொழுது போதாது. நன்கொடை பெற்ற விவரத்தை அந்நிறுவனம் வருமான வரி இலாகாவின் இணையத்தளத்தில் ஏற்றி, 10பிஇ என்னும் சான்றிதழை உங்களுக்குத் தர வேண்டும். 2021-22 நிதியாண்டிலிருந்து இந்த ஏற்பாடு இருந்து வருகிறது. நிதியாண்டு முடிந்தபின் மே 31க்குள் அது வந்துசேர வேண்டும். வராவிட்டால் ஜூன் முதல் வாரத்திலேயே பொருளாளருக்கு நினைவூட்டுங்கள். பெயரும் பான் எண்ணும் தொகையும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓரெழுத்து மாறினாலும் பின்னால் தொல்லை. இத்தகைய நன்கொடைகளைச் சம்பளப் பட்டியலில் பொதுவாகக் கழித்துத் தரமாட்டார்கள். படிவம் செலுத்தும்போது நாமே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே நாம் குறித்த பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சார்ந்தவை. 2025-26 வரையிலான வருமானத்துக்கு அவையே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் வருமானத்துக்கு 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் உரியது. அதில் நன்கொடைக் கழிவு வேறு எண்ணின்கீழ் இடம் பெற்றிருக்கிறது. எண் மாறியதைக் கண்டு சலுகை நீங்கிவிட்டதென்று மயங்க வேண்டாம்.

இரு முறைகளில் தங்களுக்கு எது ஏற்றது என்று துணிய இயலாத அங்கத்தினர்கள், படிவம் 16ஐயும், வாடகை, வீட்டுக் கடன் சான்றுகளையும், நன்கொடைச் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்கு மேல் சங்கத்து வாசகசாலைக்கு வரலாம். இருவகையிலும் கணக்கிட்டுக் காட்ட நாம் அங்கே இருப்போம். சாதாரணமாகக் கெடு ஜூலை 31 ஆதலால், கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.